ஒட்டுப் போட்ட ஹாலும் ஒளிந்துகொண்ட சுவரும்

ஸ்ரீரங்கத்தில் வீடு தேடுகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று கேள்விகள். மாடியில் இருந்து கோபுரம் தெரியுமா? காவிரித் தண்ணீர் வருமா? ஹால் பெரிதா? முதல் இரண்டுக்கும் பதில் சொல்லத் தெருக்காரர்கள் போதும். மூன்றாவதற்குத்தான் இப்போதெல்லாம் கேமரா பதில் சொல்கிறது. அந்தப் பதிலில் பாதி உண்மை, மீதி ஒட்டு.

வீட்டு விளம்பரப் படங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு ஹால் கல்யாண மண்டபம் மாதிரி விரிந்து கிடக்கும். ஓரத்தில் நிற்கும் பிரிட்ஜ் பீரோ அகலத்துக்கு இருக்கும். மேலே ஓடும் மின்விசிறிக்குச் சில சமயம் ஐந்து இறக்கை! நேரில் போனால் அதே ஹாலில் சோபா போட்டால் டி.வி. போட இடமில்லை, டி.வி. போட்டால் ஆள் நடக்க இடமில்லை. படத்தில் இருந்த வீடு எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. அது ஏழெட்டுப் படங்களை ஒட்டிச் செய்த பனோரமா. அவ்வளவுதான்.

அதற்காகப் பனோரமாவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒட்டுவது தப்பில்லை, ஒட்டியதை மறைப்பதுதான் தப்பு. இந்த ஒரு வரிதான் கட்டுரை. மீதியெல்லாம் அதற்கான விளக்கம்.

ஒட்டுவது எப்படி?

பனோரமா என்ற சொல்லுக்கு வயது இருநூறைத் தாண்டிவிட்டது. ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், வட்டமான கட்டடத்தின் உள்சுவர் முழுக்க ஒரே காட்சியை வரைந்து, நடுவில் ஆட்களை நிற்க வைக்கும் உத்திக்கு 1787ல் காப்புரிமை வாங்கினார். கிரேக்கத்தில் 'எல்லாம்', 'காட்சி' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தால் பனோரமா. பார்க்கிறவர் அந்த இடத்திலேயே நிற்கிற மாதிரி நம்ப வேண்டும் என்பதுதான் அன்றைக்கும் நோக்கம்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். திப்பு சுல்தான் இறந்த 1799 போரை வைத்து, 1800ல் லண்டனில் ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர் பிரம்மாண்டமான பனோரமா ஓவியம் ஒன்றைக் காட்டினார். பெயர் 'செரிங்கபட்டம்'. (அது நம்ம ஸ்ரீரங்கம் இல்லை, மைசூர்ப் பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கேயும் அரங்கநாதர்தான்!) வரைந்தவர் அப்போது இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கூட்டம் மட்டும் அலைமோதியது. பார்க்காத ஊரைப் பார்த்த மாதிரியே காட்டுவது பனோரமாவின் பிறவிக்குணம்.

கேமராவில் வேலை வேறு விதம். ஒரே இடத்தில் ஸ்டாண்டு போட்டு, கேமராவைச் சிறிது சிறிதாகத் திருப்பி வரிசையாகப் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு நாலில் ஒரு பங்காவது மேலே ஏறியிருக்க வேண்டும். 24 மி.மீ. லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்தால் ஒரு படத்தில் கிட்டத்தட்ட 53 டிகிரி அகலம் விழும். 30 சதவீதம் மேலேறல் விட்டால் ஒரு சுற்றுக்குச் சுமார் 10 படம். கூரைக்கும் தரைக்கும் தனியாக எடுக்க வேண்டும். வெளிச்சம், நிறம், குவியம் மூன்றையும் ஒரே அளவில் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சுவர் பாதி மஞ்சளாகவும் பாதி நீலமாகவும் வந்து நிற்கும்.

பிறகு கம்ப்யூட்டர் வேலை. இரண்டு படத்திலும் பொதுவாக இருக்கும் புள்ளிகளை (ஜன்னல் மூலை, சுவிட்சு போர்டு, டைல்ஸ் கோடு) மென்பொருள் தேடிப் பொருத்தும். முன்பெல்லாம் இந்தப் புள்ளிகளை ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறித்தாக வேண்டும். கனடாவில் டேவிட் லோ என்ற பேராசிரியர் 1999ல் வெளியிட்ட 'சிஃப்ட்' என்ற முறை அதைத் தானியங்கி ஆக்கியது. மேத்யூ பிரவுனும் அவரும் சேர்ந்து 2003ல், கலைத்துப் போட்ட படங்களில் இருந்து எது எதோடு ஒட்டும் என்று தானாகக் கண்டுபிடிக்கும் வழியைக் காட்டினார்கள். இன்றைக்கு 'ஹ்யூகின்' மாதிரி இலவச மென்பொருளே இதைச் செய்கிறது. போனில் இருக்கும் பனோரமா பட்டனும் இதே வகையறாதான்.

கட்டைவிரல் சோதனை

ஒரு சின்னச் சோதனை. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடுங்கள். விரல் துள்ளும், பின்னால் இருக்கும் சுவர் துள்ளாது. பார்க்கும் இடம் இரண்டே அங்குலம் மாறியதற்கே பக்கத்தில் இருப்பது இடம் மாறித் தெரிகிறது. இதற்குப் பேர் பாரலாக்ஸ். பனோரமாவின் முதல் எதிரி இதுதான்.

மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் கோயிலில் நின்று போனைக் கையிலேயே பிடித்துச் சுற்றினாலும் பனோரமா அழகாக ஒட்டும். தெற்கே ஊர், வடக்கே காவிரி, அதைத் தாண்டி ஸ்ரீரங்கம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். எல்லாமே தூரம். தூரத்துப் பொருள் துள்ளாது.

அதே போனைப் பத்துக்குப் பத்து படுக்கையறைக்குள் கையை நீட்டிப் பிடித்துச் சுற்றினால்? ஆள் தன்னைச் சுற்றுகிறார், லென்ஸ் அவரைச் சுற்றி வட்டம் அடிக்கிறது. பக்கத்துக் கட்டில் துள்ளும், ஜன்னல் துள்ளாது. மென்பொருள் இரண்டையும் சமாதானம் செய்யப் பார்க்கும். விளைவு, உடைந்த ஜன்னல் கம்பி, வளைந்த கட்டில், காணாமல் போன அரை கதவு. சரியாகச் செய்ய வேண்டுமானால் ஒளி நுழைகிற லென்ஸின் மையப்புள்ளி நகராமல் திருப்ப வேண்டும். அதற்கென்று ஸ்டாண்டில் மாட்டும் தனித் தலை கிடைக்கிறது. அது இல்லாதவர்கள் தாங்கள் அசையாமல் போனைச் சுழற்றுவதை விட்டு, போனை அசையாமல் வைத்துத் தாங்கள் அதைச் சுற்றி வரலாம். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஆக, ஊரைக் காட்ட ஒட்டுவது சுலபம், அறையைக் காட்ட ஒட்டுவது கஷ்டம். வீட்டு வியாபாரத்துக்குத் தேவைப்படுவதோ இரண்டாவது.

கிரீன்லாந்து கதை

பாரலாக்ஸைச் சரிசெய்துவிட்டாலும் இன்னொரு விஷயம் பாக்கி. உருண்டையாகப் பார்த்ததைத் தட்டையாக விரிக்க வேண்டும். ஆரஞ்சுத் தோலை உரித்து மேசையில் பரப்பிப் பாருங்கள், கிழியாமல் பரவாது. பள்ளிக்கூடத்தில் மாட்டியிருந்த உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிந்தது ஞாபகம் இருக்கிறதா? உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போலக் கிட்டத்தட்ட 14 மடங்கு பெரிது. வரைந்தவர் யாரையும் ஏமாற்றவில்லை. உருண்டையைத் தட்டையாக்க ஏதாவது ஒன்றை இழுத்தே ஆக வேண்டும்.

வீட்டுப் படத்திலும் அதே கதை. நேர்கோடு நேர்கோடாகவே இருக்க வேண்டும் என்று விரித்தால் ஓரங்கள் இழுபடும். இப்போதைய போன்களில் அகன்ற லென்ஸ் 108 டிகிரி வரை பார்க்கிறது. அந்தப் படத்தின் நடுவில் இருக்கும் பொருளோடு ஒப்பிட்டால், விளிம்பில் அதே கோண அளவுள்ள பொருள் அகலத்தில் ஏறக்குறைய 3 மடங்கு, உயரத்தில் 1.7 மடங்கு இழுபட்டிருக்கும். பிரிட்ஜ் பீரோ ஆன மர்மம் இதுதான். ஓரம் இழுபடாமல் உருளையில் சுற்றிய மாதிரி விரித்தால் கூரைக்கோடு வில்லாக வளையும். 360 டிகிரிக்கு முழுக்க விரித்தால் படத்தின் நீளம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. உச்சியில் இருக்கும் விசிறிப் புள்ளி படத்தின் முழு நீளத்துக்கும் ஒரு கோடாகிவிடும்.

இதில் எதுவுமே பொய் இல்லை. ஆனால் எது இழுபட்டது என்று தெரியாதவருக்கு எல்லாமே பொய்யாக முடியும்.

கோபுர தரிசனத்தில் இன்னொரு கூத்து. அகன்ற லென்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கி, தூரத்தில் இருப்பதைச் சுருக்கும். 1987ல் கும்பாபிஷேகம் ஆன 236 அடி ராஜகோபுரம் அதில் தீப்பெட்டி அளவுக்குத்தான் விழும். அதனால் ஹாலுக்கு அகன்ற லென்ஸ், மாடிக்கு ஜூம் லென்ஸ்! ஹால் தூரம் போகும், கோபுரம் பால்கனிக்கே வந்துவிடும். ஒரே விளம்பரத்தில் எதிரெதிராக இரண்டு இழுப்பு. இரண்டும் விற்கிறவருக்கே சாதகம்.

1858ல் ஒட்டியவர்

நேர்மையாக ஒட்டுவது எப்படி என்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. திருச்சியில் இருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், தஞ்சாவூர் போதும்.

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1856ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். பழைய கட்டடங்களையும் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் படமாகப் பதிந்து வைப்பது வேலை. 1857 கடைசியிலும் 1858லும் தெற்கே ஒரு நீண்ட சுற்றுப்பயணம். கிடைத்த படங்கள் ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று தனித்தனித் தொகுப்புகளாக 1858ல் வெளிவந்தன. பிலிம் ரோல் கூட இல்லாத காலம். மெழுகு பூசிய காகிதத்தில்தான் நெகட்டிவ்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பதிய வேண்டும். ஒரே படத்தில் எடுத்தால் எழுத்து தெரியாது. கிட்டப் போனால் முழுசும் விழாது. இன்றைய ஹால் பிரச்சினையேதான்! டிரைப் என்ன செய்தார்? சுவரை ஒட்டி நகர்ந்து நகர்ந்து படம் எடுத்து, 21 படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படம் தயார்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, சுவர் தட்டையானது. ஒரே தளத்தில் இருப்பதைக் கேமராவை நகர்த்தி எடுத்து ஒட்டினால் பாரலாக்ஸ் தொல்லை குறைவு. எதற்கு எந்த முறை பொருந்தும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு, ஒட்டிய இடம் தெரியும். ஒன்றுக்கு அடுத்து ஒன்றாகக் காகிதம் சேர்ந்திருப்பது பார்த்தாலே புரியும். மூன்று, அந்த 19 அடியின் நோக்கம் கோயிலைப் பெரிதாகக் காட்டுவது இல்லை, எழுத்தைப் படிக்க வைப்பது. ஒட்டியதால் பார்க்கிறவருக்குக் கூடுதலாக ஒன்று தெரிய வந்தது. இன்றைய ஹால் பனோரமாவில் அது தலைகீழ். ஒட்டியதால் ஒன்று மறைகிறது.

(1860ல் செலவு அதிகம் என்று அந்தப் புகைப்படப் பிரிவையே அரசு மூடிவிட்டது. கணக்குப் பார்ப்பவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். காமர்ஸ்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம் :-))

பி.காம். புத்தகம் என்ன சொல்கிறது?

வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்த வரி, 'வாங்குபவரே, எச்சரிக்கை'. 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16வது பிரிவு. அதற்கு முன்னால் 15வது பிரிவு, விவரணையின்படி விற்பனை. பின்னால் 17வது பிரிவு, மாதிரியின்படி விற்பனை. காந்தி மார்க்கெட்டில் ஒரு கை அரிசியை அள்ளிக் காட்டி மூட்டையை விற்றால், மூட்டையும் அந்தக் கை அரிசி மாதிரியே இருக்க வேண்டும்.

சரி, ஹால் பனோரமா விவரணையா, மாதிரியா? சுவாரசியமான கேள்வி. ஆனால் தேர்வில் இப்படி எழுதினால் மார்க் போய்விடும். காரணம், அந்தச் சட்டம் அசையும் பொருளுக்கு மட்டும். வீடும் மனையும் அதில் வராது. வீட்டுக்கு 1882 சொத்து மாற்றுச் சட்டம். அதன் 55வது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், தனக்குத் தெரிந்த, வாங்குகிறவருக்குத் தெரியாத முக்கியமான குறையை விற்கிறவர் சொல்லியாக வேண்டும். ஆனால் வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரிந்துவிடக்கூடிய குறையை அந்தக் கடமை தொடாது.

சிக்கல் இங்கேதான். அறை சின்னது என்பது நேரில் வந்தால் யாருக்கும் தெரியும். சட்டத்தின் கண்ணில் அது மறைந்த குறையே இல்லை. நேரில் வர முடியாதவர் என்ன செய்வார்?

2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) இங்கே ஒரு படி மேலே போனது. விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி ஒருவர் முன்பணம் கொடுத்து, அதில் இருந்த தவறான தகவலால் நஷ்டப்பட்டால், கட்டுநர் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது 12வது பிரிவு. விலக நினைத்தால் போட்ட பணம் முழுசும் வட்டியோடு திரும்பக் கிடைக்க வேண்டும். எந்த ஊடகத்தில், எந்த வடிவில் வந்தாலும் விளம்பரம் விளம்பரமே என்றும் அந்தச் சட்டம் வரையறுக்கிறது. பனோரமாவும் இதில் தப்ப முடியாது. கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்பதையும் அதுவே சொல்கிறது. வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி இவை சேராது, உள்ளே பிரிக்கும் சுவர் சேரும்.

ஆனால் ஓட்டை இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடம் என்றால் அந்தத் திட்டத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. ஸ்ரீரங்கம், திருவானைக்கோயில் பக்கம் பழைய வீட்டை இடித்துக் கட்டும் சின்ன அடுக்குமாடிகளில் எத்தனை இந்தக் கணக்குக்குள் வந்துவிடும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் தன் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்பதற்கும், வாடகைக்கு விடுவதற்கும் 12வது பிரிவு துணைக்கு வராது. படத்தை நம்பி முதலில் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரையைப் பொருளாதாரப் பாடத்தில் பார்த்திருப்பீர்கள். 2001ல் அவர் பகிர்ந்துகொண்ட நோபல் பரிசின் அடிப்படையே அதுதான். விற்கிறவருக்குத் தெரிந்தது வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால், வாங்குகிறவர் எல்லாப் பொருளையும் சந்தேகத்தோடு விலை பேசுவார். நல்ல பொருள் வைத்திருப்பவர் கட்டுபடியாகாமல் சந்தையை விட்டே விலகுவார். வீட்டுப் படத்திலும் அப்படியே. உண்மையிலேயே பெரிய ஹால் வைத்திருப்பவரின் படத்தையும் இனி யாரும் நம்பப் போவதில்லை. இழுத்த படத்தால் நஷ்டம் வாங்குகிறவருக்கு மட்டும் இல்லை, நியாயமாக விற்கிறவருக்கும்தான்.

"நேரில் பார்க்காமலா வாங்குவார்கள்?"

புரோக்கர்கள் உடனே கேட்கும் கேள்வி. நியாயமாகத்தான் தெரியும். ஆனால் திருச்சியைப் பற்றி ஒன்று யோசிக்க வேண்டும். இங்கே விமான நிலையத்தில் பல வருடங்களாக உள்நாட்டுப் பயணிகளை விட வெளிநாட்டுப் பயணிகளே அதிகம். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்று ஊருக்கு வெளியே சம்பாதிக்கும் குடும்பங்களின் ஊர் இது. ஓய்வுக்குப் பிறகு பெருமாள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஸ்ரீரங்கத்தில் வீடு தேடும் வயதானவர்களும் ஏராளம். அவர்கள் வருவது பத்து நாள் லீவில். பார்க்க முடிவது ஐந்து வீடு. எந்த ஐந்து என்று முடிவு செய்வது படம். டோக்கன் அட்வான்ஸ் பல சமயம் அதற்கும் முன்னாலேயே போய்விடுகிறது. வாடகைக்குத் தேடுகிறவர் நிலை இன்னும் மோசம். ஒரு நாள் லீவு போட்டு, மூன்று பஸ் மாறி வந்து, வாசலிலேயே ஏமாந்து திரும்புவார்.

இரண்டாவது வாதம் படம் எடுப்பவர்களுடையது. "ஒட்டாமல் சின்ன அறையைக் காட்டவே முடியாது" என்பார்கள். இது உண்மை. ஒரு மூலையில் நின்று எடுத்த சாதாரணப் படத்தில் எதிர்ச் சுவரின் பாதிதான் விழும். பரண் எங்கே, பிளக் எங்கே, பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் என்று எதுவும் தெரியாது. பனோரமா இதையெல்லாம் காட்டுகிறது. நாலு அழகான படத்தை விட ஒரு முழுச் சுற்றுப் படம் நேர்மையானது. ஏனென்றால் தேர்ந்தெடுத்து மறைக்க அதில் மூலை இல்லை, ஒழுகின சுவரும் சேர்ந்துதான் விழும். அதனால்தான் பனோரமாவைத் தடை செய்யச் சொல்வது அபத்தம்.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். உத்திர வீதி, சித்திரை வீதி வீடுகளுக்கு வாசல் குறுகல், நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். கூடத்தில் நின்று எடுத்த ஒரே பனோரமா, அகலமே இல்லாத வீட்டை அகலமாகக் காட்டி, உண்மையான சொத்தாகிய நீளத்தை மறைத்துவிடும். ஐந்து இடத்தில் ஸ்டாண்டு போட்டால்தான் வீடு தெரியும். முற்றத்து வெயிலுக்கும் ரேழி இருட்டுக்கும் தனித்தனி வெளிச்ச அளவில் எடுத்து இணைக்கவும் வேண்டும். இங்கே ஒட்டாமல் எடுத்தால்தான் பொய்!

மாதத்தையும் போடுங்கள்

படம் காட்டாத இன்னொன்று, காலம். மாடியில் இருந்து காவிரி கடல் மாதிரி விரியும் பனோரமா ஆடி மாதத்தில் எடுத்ததாக இருக்கும். அதே மாடியில் சித்திரையில் நின்றால் மணல் திட்டு. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாளே ஜூன் 12. மறுபக்கமும் உண்டு. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வந்த வெள்ளத்தில் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. அதே மாதம் முக்கொம்பு மேலணையில் மதகுகள் உடைந்து போயின. இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கும் தீவு அது. ஆற்றைக் காட்டி விற்கிறவர், எந்த மாதத்து ஆறு என்றும் சொல்ல வேண்டும். வெள்ளம் வந்தபோது தெருவில் தண்ணீர் நின்றதா என்ற கேள்விக்கு எந்தப் பனோரமாவும் பதில் சொல்லாது.

பிறகு அழிப்பான் வேலை. ஒட்டும்போது குறுக்கே போன ஆட்டோவை நீக்குவது சகஜம், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆட்டோ அடுத்த நிமிஷம் அங்கே இருக்காது. ஆனால் ஜன்னலுக்கு எதிரே நிற்கும் டிரான்ஸ்பார்மரை நீக்கினால்? அது நாளைக்கும் அங்கேயேதான் நிற்கும். இப்போது செயற்கை நுண்ணறிவு இதை ஒரு சொடுக்கில் செய்துவிடுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இதற்கென்றே சட்டம் போட்டு, 2026 ஜனவரி முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. வீட்டு விளம்பரப் படத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்ல வேண்டும், மாற்றாத படத்தையும் பார்க்கக் கொடுக்க வேண்டும். வெளிச்சம், நிறம் சரிசெய்வது மாதிரி சாதாரண வேலைகளுக்கு விலக்கு உண்டு. தடை இல்லை, வெளிப்படைத்தன்மை மட்டும். கணக்குப் பதிவியலில் முழு வெளிப்படுத்தல் கோட்பாடு என்று படிக்கிறோமே, அதேதான்.

என்ன செய்யலாம்?

விற்கிறவர்களும் படம் எடுப்பவர்களும் செய்யக்கூடியவை:

1. பனோரமாவின் கீழே 'பல படங்களை இணைத்தது' என்று ஒரு வரி போடலாம்.
2. எந்த இடத்தில் நின்று எடுத்தது என்று வீட்டு வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கலாம். அறையின் நீள அகலத்தை அடிக்கணக்கில் எழுதலாம்.
3. அதே அறையைச் சாதாரண லென்ஸில் எடுத்த ஒட்டாத படம் ஒன்றையும் சேர்க்கலாம்.
4. எடுத்த மாதம், வருடம் போடலாம்.
5. நகராத எதையும் அழிக்கக் கூடாது.

இதில் எதற்கும் பைசா செலவில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு ஆயுதம் போதும். டைல்ஸை எண்ணுங்கள்! லென்ஸ் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், ஆனால் ஒரு சுவர் ஓரமாக எத்தனை டைல்ஸ் என்பதை இழுத்து மாற்ற முடியாது. ஹாலில் போடும் பெரிய டைல்ஸ் பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி. அளவை ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு எண்ணினால், ஐந்து டைல்ஸ் என்றால் பத்தடி. படம் மைதானமாகத் தெரிந்தாலும் பத்தடிதான். ஒட்டிய இடத்தில் ஒரு டைல்ஸ் கூடவோ குறையவோ வாய்ப்புண்டு. அதனால் ஒட்டாத படத்திலும் ஒரு தடவை எண்ணிவிட வேண்டும். சிவப்புச் சிமெண்டுத் தரை போட்ட பழைய வீடு என்றால் டைல்ஸ் கிடையாது. உள்ளூரில் யாரையாவது டேப்போடு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

டிரைப் ஒட்டிய 21 படங்களை இன்றைக்குப் பார்க்கிறவரும் ஒட்டு எங்கே என்று விரல் வைத்துக் காட்டலாம். அதனால் அந்தப் படத்தின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. ஒரு குடும்பம் இருபது வருடம் இ.எம்.ஐ. கட்டப் போகும் ஹாலுக்கு அந்த அளவு மரியாதையாவது கொடுக்கலாம் இல்லையா?

உங்களில் யாராவது சமீபத்தில் வீடு தேடியிருந்தால், படத்தில் எத்தனை டைல்ஸ், நேரில் எத்தனை டைல்ஸ் என்று சொல்லுங்கள். கணக்கு இடிக்கிறதா என்று பார்க்கலாம்.